பரங்கிப்பேட்டை இரும்பாலை: ஒரு கண்காட்சி அட்டையும் சில கணக்குகளும்

இராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில் நடந்த அறிவியல் கண்காட்சியைப் பார்க்கச் சென்றிருந்தேன். எரிமலை மாதிரி, மழைநீர்ச் சேகரிப்பு, சோப்புத் தூளால் நுரை கக்கும் குடுவை என்று வழக்கமான காட்சிப்பொருள்களுக்கு நடுவே ஒரு மாணவி வித்தியாசமான மாதிரி ஒன்றை வைத்திருந்தாள். களிமண்ணால் செய்த ஊதுலை. அதன் அடியில் சைக்கிள் பம்பு. பக்கத்தில் தென்னிந்திய வரைபடம். மேலே தொங்கிய அட்டையில், "இந்தியாவின் முதல் நவீன இரும்பாலை - பரங்கிப்பேட்டை, 1830" என்று எழுதி, கீழே மூன்று வரிகள் சேர்த்திருந்தாள்.

ஒன்று: இங்கு செய்த இரும்பைக் கொண்டு இங்கிலாந்தில் பிரிட்டானியா பாலமும் மெனாய் பாலமும் கட்டப்பட்டன. இரண்டு: விறகு கிடைக்காமல் ஆலை நலிந்தது. மூன்று: ஆங்கில முதலாளிகளின் சூழ்ச்சியால் ஆலை மூடப்பட்டது.

"எங்கேயம்மா எடுத்தாய்?" என்று கேட்டேன். "பொது அறிவுப் புத்தகத்தில் சார்" என்றாள். குறை அவளுடையதன்று. இந்த மூன்று வரிகளும் சொல்லுக்குச் சொல் பல இடங்களில் அச்சாகி வருகின்றன. எனினும் அறிவியல் கண்காட்சியில் வைக்கும் அட்டை அறிவியல் முறைப்படி சோதிக்கப்பட வேண்டும் அல்லவா? அந்தச் சோதனையைச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் பாலத்தை எடுத்துக்கொள்வோம், அது எளிது. மெனாய் என்பது வேல்ஸ் நாட்டுக்கும் ஆங்கில்சித் தீவுக்கும் இடையே உள்ள நீரிணை. அதன் மேல் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டிய தொங்கு பாலம் 1826-ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் உலை மூட்டியது 1830-இல். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிறக்கப்போகும் ஆலையிலிருந்து அந்தப் பாலத்துக்கு இரும்பு போயிருக்க முடியாது. அதே நீரிணையின் மேல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி 1850-இல் திறந்த குழாய்ப் பாலம்தான் பிரிட்டானியா. பரங்கிப்பேட்டை இரும்பு போனதாகச் சொல்லப்படுவது இந்தப் பாலத்துக்கே. கால அளவில் அது பொருந்துகிறது. ஆகவே "பிரிட்டானியா பாலம்", "மெனாய் நீரிணைப் பாலம்" என்று ஒரே பாலத்துக்கு வழங்கிய இரண்டு பெயர்களை யாரோ இரண்டு பாலங்களாக எண்ணிவிட்டார்கள் என்பது என் ஊகம். அதன்பின் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழாய்ப் பாலமும் 1970-இல் ஏற்பட்ட தீயில் பழுதாகி, பின்னர் வளைவுகளின் மேல் வேறு அமைப்பில் கட்டப்பட்டது. பழைய குழாயின் ஒரு துண்டைப் பாலத்தின் அருகே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

இனி ஆலைக்கு வருவோம்.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண உத்தியோகஸ்தர். சேலம் பகுதியில் இருந்தபோது கஞ்சமலையின் காந்தக்கல் தாதுவையும், அதைக் கிராமத்துக் கொல்லர்கள் சிறு மண் உலைகளில் இரும்பாக்குவதையும், அந்த இரும்பை மூசையில் அடைத்து உருக்கி எஃகு செய்வதையும் கண்டார். இந்த எஃகுதான் ஐரோப்பாவில் 'வூட்ஸ்' என்ற பெயரில் புகழ்பெற்றது. மைக்கேல் ஃபாரடே தம் இளமையில் ஆராய்ந்ததும் இதையே. ஹீத் உத்தியோகத்தை உதறினார். இங்கிலாந்து சென்று இரும்புத் தொழிலைப் பார்த்து வந்தார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும், அரசாங்க முன்பணமும் பெற்று, கடலூருக்குத் தெற்கே வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் ஆலையை நிறுவினார். 1833-இல் அது ஒரு பங்குக் கம்பெனியின் கைக்கு மாறியது. மலபார்க் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது. பணம் கரைந்தது. 1853-இல் நான்கு லட்சம் பவுன் மூலதனத்துடன் 'கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி' என்ற புதிய நிறுவனம் இவற்றை ஏற்று, தென்னார்க்காட்டில் ஒன்றும் காவிரிக் கரையில் ஒன்றுமாக மேலும் இரண்டு ஊதுலைகளைக் கட்டியது. அதுவும் தேறவில்லை. 1866-இல் பரங்கிப்பேட்டையில் வேலை நின்றது. 1874-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

நாற்பத்துநான்கு ஆண்டுகள், மூன்று நிர்வாகங்கள், ஒரே முடிவு. ஒரு முதலாளி ஊதாரியாக இருந்தார், ஒரு மேலாளர் திருடினார் என்பதுபோன்ற விளக்கங்கள் இங்கே போதாது. மூன்று பேர் கையிலும் தோற்ற தொழிலில், தொழிலின் அமைப்பிலேயே ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும். அதை எடையும் தொலைவும் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தூய காந்தக்கல்லில் 100 பங்குக்கு 72 பங்கு இரும்பு உண்டு. ஆனால் கஞ்சமலைத் தாது தூயதன்று. வெண்கல் பளிங்கோடு பட்டை பட்டையாகக் கலந்திருப்பது. மலையிலிருந்து வெட்டியபடியே எடுத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் இரும்பு தேறும். இடித்து, நீரில் அலசி, கல்லைக் கழித்தால் தரம் உயரும். அப்படி அலசிய தாதுவாக இருந்தாலும் ஒரு டன் வார்ப்பிரும்புக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வரை வேண்டும். இந்தத் தாது காவிரியிலும் கொள்ளிடத்திலும் பரிசல்களில் மிதந்து, பிறகு கால்வாய் வழியே பரங்கிப்பேட்டை வந்து சேர்ந்தது. வழி நூற்றைம்பது மைலுக்குக் குறையாது. தாதுவில் உள்ள மணற்சத்தைக் கசடாக உருக்கிப் பிரிக்கச் சுண்ணாம்பு தேவை. அதற்குக் கடற்கரைக் கிளிஞ்சல் கையருகே இருந்தது. ஹீத்துக்கு இலேசாகக் கிடைத்த ஒரே பொருள் அநேகமாக அதுதான்.

மிஞ்சியது கரி.

விருதுநகர் மாவட்டத்து வாசகர்களுக்குக் கரிமூட்டம் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே சீமைக்கருவேலங் காட்டை ஒட்டிப் போனால் மண் பூசிய குவியல்களிலிருந்து புகை கிளம்புவதை எங்கும் காணலாம். இக்கட்டுரைக்காகவே அப்படி ஒரு மூட்டத்தண்டை போய், "அண்ணாச்சி, எவ்வளவு விறகு போட்டா எவ்வளவு கரி வரும்?" என்று கேட்டேன். "அஞ்சுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிடுங்க. காத்து மாறி அடிச்சா, மண்ணு வெடிச்சிருச்சுன்னா, அதுவும் சாம்பலாப் போயிரும்" என்றார். நூல்கள் கூறும் கணக்கும் ஏறத்தாழ இதுவே. மண்மூட்டத்தில் விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரியாகக் கிடைத்தால் நல்ல விளைச்சல். மீதி நீராவியாகவும் புகையாகவும் தாராகவும் போய்விடுகிறது.

ஊதுலையில் கரிக்கு மூன்று வேலைகள். எரிந்து சூடு தருவது முதல் வேலை. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிப்பது இரண்டாவது. மேலிருந்து அழுத்தும் தாதுவின் பாரத்தைத் தாங்கி, காற்று ஊடுருவ இடைவெளி விட்டு நிற்பது மூன்றாவது. கற்கரி இந்த மூன்றாவது வேலையில் மரக்கரியைவிட வெகு கெட்டிக்காரன். மரக்கரி பாரம் தாங்காது. நசுங்கித் தூளாகிக் காற்றை அடைத்துவிடும். அதனால் மரக்கரி உலையை விரும்பிய உயரத்துக்கு எழுப்ப முடியாது. உயரம் குறைந்தால் ஒரு நாளில் இறங்கும் இரும்பும் குறையும். அத்துடன், மாட்டுவண்டியில் பல மைல் குலுங்கி வந்த கரியில் ஒரு பங்கு வண்டியிலேயே தூளாகியிருக்கும். இரும்பு ஆலையை எரிபொருளின் அருகே வை, தாதுவைக் கொண்டு வா என்று பழைய தொழில்நூல்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹீத் இரண்டுக்கும் அருகே வைக்கவில்லை. கப்பலுக்கு அருகே வைத்தார். செய்த இரும்பின் பெரும்பகுதி பாளமாகக் கப்பலேறி இங்கிலாந்து போவதற்கென்றே திட்டமிடப்பட்டது என்பதால் அவர் கண்ணுக்குத் துறைமுகம் முக்கியமாகப் பட்டிருக்கலாம். ஆனால் கப்பலேறியது ஒரு டன் என்றால், அதற்காக உள்நாட்டில் நகர்ந்தது தாதுவும் கரியுமாக நான்கைந்து டன். இலேசான பொருளின் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு கனமான பொருள்களின் பயணத்தை நீட்டிவிட்டார். 1853-க்குப் பிறகு வந்தவர்கள் காவிரிக் கரையிலேயே ஓர் உலை கட்டியதைப் பார்த்தால், தவறு புரிந்துவிட்டது என்று தெரிகிறது. ஆனால் அது புரிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டது.

இனி காட்டுக் கணக்கு. நல்ல உலையில் ஒரு டன் இரும்புக்கு ஒன்றரை டன் மரக்கரியும், பழக்கம் போதாத இடத்தில் மூன்று டன்னும் செல்லும். நடுவே இரண்டரை என்று கொள்வோம். ஐந்துக்கு ஒன்று என்றால் பன்னிரண்டரை டன் விறகு. ஆண்டுக்கு ஆயிரம் டன் இரும்பு செய்யும் மிகச் சிறிய ஆலைக்கு 12,500 டன் விறகு. நம் வறண்ட புதர்க்காட்டில் ஏக்கருக்கு ஆண்டுக்கு அரை டன் விறகு வளர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், காடு அழியாமல் வெட்டுவதற்கு 25,000 ஏக்கர், அதாவது சுமார் 100 சதுரக் கிலோமீட்டர் காட்டை அந்த ஆலைக்கென்றே ஒதுக்க வேண்டும். 1988-இல் அறிவிக்கப்பட்ட நம் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 485 சதுரக் கிலோமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு! செண்பகத்தோப்பிலிருந்து மலையைப் பார்த்தவர்கள் இந்த அளவை மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

இதனோடு பணக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். 1853-இல் வந்த கம்பெனியின் மூலதனம் நான்கு லட்சம் பவுன். அது முழுவதும் திரட்டப்பட்டது என்று வைத்துக்கொண்டால், பங்குதாரருக்கு ஆண்டுக்கு 5 சதவீதமாவது தர 20,000 பவுன் தேவை. ஒரு டன் இரும்பில் ஒரு பவுன் நிகர லாபம் கிடைப்பதாகக் கற்பனை செய்தால், 20,000 டன் இரும்பு செய்தாக வேண்டும். மேற்சொன்ன கணக்கின்படி அதற்கு ஐந்து லட்சம் ஏக்கர் காடு, அதாவது நான்கு சரணாலயங்களுக்கும் மேல். தென்னார்க்காட்டுச் சமவெளியில் அத்தனை காடு எங்கே இருக்கிறது? ஆகவே மூலதனம் பெருகப் பெருகக் கம்பெனி உறுதிப்படும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாயிற்று. பெரிய மூலதனத்துக்குப் பெரிய உற்பத்தி தேவை. பெரிய உற்பத்திக்கு மேலும் தொலைவிலிருந்து கரி வரவேண்டும். தொலைவு கூடினால் ஒவ்வொரு டன்னின் அடக்கவிலையும் கூடும். சாதாரணத் தொழிலில் அளவு பெருகினால் செலவு குறையும். மரக்கரி இரும்பில் ஓர் எல்லைக்கு மேல் அளவு பெருகினால் செலவும் பெருகும். அட்டையின் இரண்டாவது வரி, "விறகு கிடைக்காமல்" என்பது, பொய்யன்று, ஆனால் அரைகுறை. விறகு கிடைத்தது. கிடைத்த விலையில் கட்டுப்படியாகவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊதுலையை அடுப்பைப்போல் நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. அணைத்தால் உள்ளே உருகியிருப்பது பாறையாக இறுகிவிடும். உட்சுவர்ச் செங்கல் வெடிக்கும். மறுபடி மூட்டுவதற்கு முன் பழுது பார்க்க வேண்டும். ஆனால் காவிரியில் பரிசல் ஓடுமளவுக்கு நீர் இருப்பது ஆண்டில் சில மாதங்களே. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழை வீசும்போது கப்பல் அண்டாது. ஆக, தாதுவை வெள்ளக் காலத்தில் வாங்கிக் குவிக்க வேண்டும். செய்த பாளங்களைக் கப்பல் வரும்வரை அடுக்கி வைக்க வேண்டும். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இலண்டன் சேர்ந்து, விற்று, பணம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். கரி வெட்டியவனுக்கும் பரிசல்காரனுக்கும் கூலி கொடுத்த நாளுக்கும், அந்த இரும்பின் விலை கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஓராண்டுக்கு மேலும் ஆகியிருக்கும். அத்தனை காலமும் பணம் வட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மூரில் நூற்பாலை நடத்துகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: எந்திரம் வாங்கப் பணம் கிடைத்துவிடும், பஞ்சு வாங்கி நூல் விற்றுக் காசாகும்வரை தாக்குப் பிடிக்கும் பணம்தான் கழுத்தைப் பிடிக்கும் என்று. 1936-இல் இராஜபாளையத்தில் முதல் பெரிய நூற்பாலைக் கம்பெனி தொடங்கியபோது பஞ்சு விளையும் கரிசல் பக்கத்திலேயே இருந்தது; நூல் வாங்கும் தறிகளும் தமிழ்நாட்டிலேயே இருந்தன. பரங்கிப்பேட்டைக்கு இவ்விரண்டு வசதியும் இல்லை.

சரி, மூன்றாவது வரி. சூழ்ச்சி.

முதல் பார்வைக்கு இது நிற்கவில்லை. தனியுரிமை கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. முன்பணம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. திரும்பி வராத பணத்துக்கு மேலும் பணம் கொடுத்ததும் அதே கம்பெனி. அழிக்க நினைத்தவன் இப்படிக் கைப்பொருளைப் போடமாட்டான். நடத்தியவர்களும் பங்கு போட்டவர்களும் ஆங்கிலேயர்களே.

உண்மையான எதிரி கிளாஸ்கோ நகரில் ஒரு வாயு ஆலை மேலாளராக இருந்தார்; அவருக்குப் பரங்கிப்பேட்டை என்ற பெயரே தெரிந்திருக்காது. ஜேம்ஸ் போமாண்ட் நீல்சன் என்பவர் 1828-இல் ஒரு காப்புரிமை பெற்றார். ஊதுலைக்குள் குளிர்ந்த காற்றை அடிப்பதற்குப் பதில் முன்னதாகவே சூடாக்கிய காற்றை அடிப்பது என்பதே அதன் சாரம். சின்ன விஷயம் போலத் தோன்றும். அதுவரை இரும்புக்காரர்கள் குளிர்காலத்தில் உலை நன்றாக ஓடுவதைக் கண்டு, குளிர்ந்த காற்றே நல்லது என்று நம்பிவந்தார்கள். (குளிர்காற்றில் ஈரம் குறைவு, அதுதான் காரணம்.) கிளைடு இரும்பாலையில் 1829-இல் ஒரு டன் இரும்புக்குச் சுமார் 8 டன் நிலக்கரி செலவாயிற்று. சூடான காற்று வந்ததும் அது 5 டன்னாக இறங்கியது. காற்றை மேலும் சூடாக்கி, கற்கரியாக்காமல் நிலக்கரியையே நேரே இட்டபோது, 1833-இல் இரண்டேகால் டன்னாகிவிட்டது. ஹீத் பரங்கிப்பேட்டையில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஸ்காட்லாந்தில் இரும்பின் எரிபொருள் செலவு நான்கில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிட்டது. அவர் திட்டமிட்டபோது போட்ட விலைக்கணக்கு உலை மூட்டிய சில ஆண்டுகளிலேயே செல்லாக்காசாயிற்று.

எனினும், மரக்கரி இரும்புக்கென்று ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. நிலக்கரியில் உள்ள கந்தகம் இரும்பில் ஏறும். மரக்கரியில் கந்தகம் இல்லை. எஃகு செய்யும் ஷெஃபீல்டு நகரத்தார் இதற்காகவே சுவீடன் நாட்டு மரக்கரி இரும்பை நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். அந்தச் சந்தையைப் பிடிக்கலாம் என்பதுதான் ஹீத்தின் நம்பிக்கை. அது மூடநம்பிக்கையன்று. ஆனால் சுவீடனில் தாதுவும் காடும் ஓடையும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன, பனிக்காலத்தில் கரியைச் சறுக்குவண்டியில் குலுங்காமல் கொண்டுவந்தார்கள், கடல்வழியும் குறுகியது.

ஷெஃபீல்டுக்குப் போன ஹீத் அங்கே வேறொன்றைக் கண்டுபிடித்தார். என் கருத்தில், இந்த வரலாற்றிலேயே அறிவியலுக்குப் பெரிய வரவு அதுதான். பொது அறிவுப் புத்தகங்கள் விட்டுவிடுவதும் அதையே. மூசையில் எஃகு உருக்கும்போது சிறிதளவு மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த பொருளை இட்டால், மட்டமான இரும்பிலிருந்தும் அடித்தால் வெடிக்காத, ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும் எஃகு கிடைக்கும் என்று 1839 ஏப்ரலில் காப்புரிமை பெற்றார். கந்தகம் இரும்போடு சேர்ந்தால் அந்தக் கூட்டுப்பொருள் குறைந்த சூட்டிலேயே உருகி, எஃகின் மணிகளுக்கு நடுவே படலமாகப் படிந்துவிடுகிறது. பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது எஃகு அங்கேதான் பிளக்கும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு தீங்கற்ற உருண்டைகளாக ஒதுக்கி வைக்கிறது. மிஞ்சிய ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்கிறது. ஹீத்துக்கு இந்த வேதியியல் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. பயன் மட்டும் தெரியும்.

ஷெஃபீல்டு எஃகு விலை சரிந்தது. ஊர் முழுவதும் மாங்கனீசு போட ஆரம்பித்தது. ஆனால் ஹீத்துக்கு உரிமைப்பணம் வரவில்லை. அவருக்கு முகவராக இருந்தவரே ஓர் ஓட்டை கண்டுபிடித்திருந்தார். காப்புரிமையில் எழுதியிருந்தது, மாங்கனீசையும் கார்பனையும் முன்னதாகவே கூட்டிச் செய்த பொருளைப் பற்றி. முகவர் மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் போட்டார். இரண்டும் மூசைக்குள்ளேயே சூட்டில் கூடி ஹீத் சொன்ன அதே பொருளாகிவிடும். வெளியே செய்வதைவிட மலிவும்கூட. இது காப்புரிமையை மீறியதா இல்லையா என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. நீதிபதிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். 1855-இல் பிரபுக்கள் சபை மீறவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஹீத் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். அட்டையில் சூழ்ச்சி என்று ஒரு வரி எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், அதை இந்த மூசையின் அருகே எழுதலாம். அங்கே ஏமாற்றப்பட்டவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வேறு விஷயம்.

ஹீத்தைப் பற்றி நல்லதே சொல்லிக்கொண்டிருக்கவும் மனம் இடந்தரவில்லை. 1839-இல் இராயல் ஆசியக் கழக இதழில் இந்திய இரும்பையும் எஃகையும் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் சேலத்துக் கொல்லர்களின் முறை மிகக் கவனமாக விவரிக்கப்பட்டிருக்கிறது. அதே கட்டுரையில், எகிப்தியர் தங்கள் கல்தூண்களைச் செதுக்கிய உளிகள் இந்திய எஃகால் ஆனவை என்றும் வாதிடுகிறார். நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கருங்கல்லைக் கடினமான கற்குண்டுகளால் கொத்தியும், செம்புக் கருவியும் மணலும் கொண்டு அறுத்தும் எகிப்தியர் வேலை செய்ததற்கான தடயங்கள் கிடைத்துள்ளன; இந்திய எஃகு அங்கே போனதற்குச் சான்று இல்லை. தெரிந்ததை நன்றாகப் பார்க்கும் கண்ணும், விரும்பியதை உடனே நம்பும் மனமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. பரங்கிப்பேட்டையை நினைக்கும்போது இந்தக் குணம் என் நினைவுக்கு வராமலில்லை.

இனி, சூழ்ச்சி என்ற சொல்லை அடித்துவிட்டால் மூன்றாவது வரி முழுவதும் பொய்யாகிவிடுமா? அப்படியும் சொல்வதற்கில்லை. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பாதை சேலத்தைக் கடந்து, 1862-இல் பேப்பூர் வரை எட்டியது. ஓர் இரும்புக் கம்பெனிக்கு இதைவிடப் பெரிய வாடிக்கையாளர் உலகில் கிடைக்கமாட்டார். பாதை கஞ்சமலையைப் பார்த்துக்கொண்டே ஓடியது. பேப்பூர் ஆலையின் பக்கத்தில் போய் நின்றது. தண்டவாளங்களோ இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கின. ரயில் கம்பெனிகளின் முதலுக்கு ஏறத்தாழ 5 சதவீத வட்டியை அரசாங்கமே உறுதி செய்திருந்தது. நட்டம் வந்தால் இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். ஆகவே உள்ளூரில் மலிவாகக் கிடைக்குமா என்று தேடவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. இலண்டனில் பணம் வைத்திருந்தவர்களுக்கும், ஆபத்தில்லாத 5 சதவீதம் ரயில் பங்கில் கிடைக்கும்போது, இரும்புக் கம்பெனிப் பங்கில் என்ன மோகம் இருக்கும்? போதாக்குறைக்கு, நிலக்கரி எளிதில் கிடைக்காத தெற்கில் ரயில் என்ஜின்களே விறகு எரித்தன. இரும்பாலைக்கு வேண்டிய விறகுக்கு இரும்புப்பாதையே போட்டியாக வந்தது. இதை எவரும் கூடிப்பேசிச் செய்யவில்லை. ஆனாலும் விதிகளை எழுதியவர்கள் யாருடைய வசதியை முன்வைத்து எழுதினார்கள் என்று கேட்டால், பதில் தென்னார்க்காட்டின் பக்கம் இல்லை. மாணவியின் அட்டையில் சொல் தவறு. கோபம் முழுவதும் தவறன்று.

தண்டவாளத்தை அவர்களால் மலிவாகச் செய்திருக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. முடியாது என்றே நினைக்கிறேன். தண்டவாளத்துக்குத் தரம் குறைந்த மலிவு இரும்பு போதும். அங்கே மரக்கரி இரும்பின் தூய்மைக்கு விலை இல்லை. ஆனால் பாலத்துக்கும் அச்சுக்கும் சக்கரத்துக்கும் விலை இருந்திருக்கும்.

மரக்கரி இரும்பு இந்த மண்ணில் நடக்கவே நடக்காது என்று எண்ணவேண்டாம். மைசூர் சமஸ்தானம் பத்ராவதியில் கட்டிய ஆலையின் மரக்கரி ஊதுலை 1923-இல் ஓடத் தொடங்கியது. அங்கே தாது மலை அருகில், காடு சுற்றிலும், ஆறு பக்கத்தில். விறகை மண்மூட்டத்தில் வேகவைத்துப் புகையை வானத்துக்கு விடாமல், மூடிய கலன்களில் காய்ச்சி, வடியும் மரச்சாராயத்தையும் தாரையும் விற்றார்கள். அதற்கும் முதல் ஆண்டுகளில் நட்டமே. தாங்கி நிற்க ஓர் அரசு பின்னால் இருந்தது. கஞ்சமலைத் தாதுவோ இன்னும் மலையிலேயே இருக்கிறது. 1970-இல் அடிக்கல் நாட்டி 1982-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை, வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளைத் தகடாக உருட்டும் ஆலையாகத்தான் பிறந்தது.

கண்காட்சியின் இரண்டாம் நாள் அந்த மாணவியிடம் மெனாய் பாலத்தின் ஆண்டைச் சொன்னேன். 1826, 1830 என்று இரண்டையும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு, ஒரு வரியை அடித்தாள். பிறகு, "சார், அப்படியென்றால் விறகுக் கணக்கையும் நாமே போட்டுப் பார்க்க முடியுமா?" என்றாள். கரிமூட்டக்காரர் இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பினேன். மூட்டம் பிரிக்கும் நாளில் தராசோடு வரட்டும், மண் தட்டாமல் நிறுக்க வேண்டும் என்று அவரும் சொல்லியிருக்கிறார்.